பரண் தொட்டி: கழுவுவதற்கு முன்பே மூடியைச் செய்து வையுங்கள்

கேள்வி இது: கூரைக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே பரணில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மேலே ஒரு பலகைத் துண்டைச் சும்மா சார்த்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீர்மேல் தூசிப் படலம், செத்த அந்துப்பூச்சிகள், அடியில் செம்பழுப்பு வண்டல். எப்படிக் கழுவுவது, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது, எதைக் கொண்டு மூடுவது?

கேட்ட வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். மூடிதான் முதல் வேலை. அந்த அழுக்கில் பெரும்பகுதி குழாய் வழியே வந்ததல்ல, மேலிருந்து விழுந்தது. கூரை மரத்தூள், ஓட்டுச் சந்து வழியே வரும் புழுதி, வெப்பக்காப்புப் பஞ்சின் இழை, பூச்சி, எலிப் புழுக்கை எல்லாம் அதில் சேர்த்தி. இன்று பளிச்சென்று கழுவிவிட்டு, மூடி செய்ய இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டியின் விளிம்பை இப்போதே அளந்து, மூடியைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு பிறகு தண்ணீரை வடியுங்கள்.

பரணில் இரண்டு தொட்டிகள் இருந்தால் எது எது என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் உள்ள வீடுகளில், பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியும் இருப்பது வழக்கம். அதன் தண்ணீர் கறுத்துப்போய், அடியில் ஒரு சாண் மட்டும் நின்றிருக்கும். அது சூடேற்றும் குழாய்களுக்கான தொட்டி. உள்ளே துரு தடுக்கும் மருந்து கலந்திருக்கலாம். அதை வடிக்கவும் வேண்டாம், குளோரின் போடவும் வேண்டாம். மூடி மட்டும் போட்டால் போதும்.

அடுத்து, எந்தெந்தக் குழாய் இந்தத் தொட்டித் தண்ணீரில் ஓடுகிறது என்று பாருங்கள். ஹீட்டர், பாய்லர், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்து, தொட்டிக்குள் தண்ணீர் விடும் மிதவை வால்வின் கையை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, வீட்டில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து விடுங்கள். தொட்டி வடிந்ததும் எது நிற்கிறதோ அது தொட்டிக் குழாய். தொடர்ந்து வருவது நேரடிக் குழாய். குடிக்கவும் சமைக்கவும் நேரடிக் குழாய்த் தண்ணீரை எடுப்பதே நல்லது. சமையலறைக் குழாயே தொட்டியிலிருந்துதான் வருகிறது என்றால், கீழே சொல்லும் கிருமிநீக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மேலே ஏறும் முன் இரண்டு விஷயம். உட்கூரைப் பலகையில் கால் வைக்காதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. குறுக்குச் சட்டங்களின்மேல் ஒரு தடித்த பலகையைப் போட்டு அதில் மண்டியிடுங்கள். வெளிச்சத்துக்கு பேட்டரியில் எரியும் தலைவிளக்கு. வயர் இழுத்த பல்பைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிடுவது ஆபத்து. கீழே ஓர் ஆள் இருக்கட்டும், குழாய் திறக்க மூடவும் ஆள் தேவைப்படும்.

தொட்டி எதனால் ஆனது என்பதைப் பொறுத்து வேலை மாறும். பிளாஸ்டிக் என்றால் சிக்கல் இல்லை. சாம்பல் நிறத்தில், சிமெண்ட் வார்ப்புப் போலச் சொரசொரப்பாக இருந்தால் அது கல்நார் சிமெண்டாக இருக்கலாம். அதைத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள், உலரவிட்டுச் சுரண்டாதீர்கள். பொடிந்து காற்றில் பறக்கும் இழைதான் அதில் ஆபத்து. அப்படிப்பட்ட தொட்டியைக் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடலாம். துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டியில் உள்சுவரில் துருக் கொப்புளங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் பட்டாணி அளவில், மேலே மொறுமொறுப்பான ஓடு, உள்ளே கறுப்புச் சேறு. பார்த்ததும் சுரண்டத்தான் கை பரபரக்கும். சுரண்டாதீர்கள். பல இடங்களில் அந்த ஓடுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். தொட்டி வடிந்த பிறகு ஒரு மரக்குச்சியின் முனையால் கொப்புளத்தை அழுத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டுத் தொடரலாம். குச்சி அமுங்கினால் அந்தத் தொட்டியின் காலம் முடிந்தது.

வடிப்பதற்கு முன் ஹீட்டர், பாய்லர், ஷவருக்கு மோட்டார் இருந்தால் அதுவும் எல்லாவற்றையும் அணையுங்கள். வெந்நீர்க் கலனுக்குத் தண்ணீர் இதே தொட்டியிலிருந்து இறங்குகிறது என்பது பலருக்கு நினைவிருக்காது. மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதன் சீல் கருகிவிடும். பிறகு தொட்டியின் குறுக்கே ஒரு கம்பை வைத்து, மிதவைக் கையை அதில் கயிற்றால் கட்டுங்கள். உள்ளே வரும் தண்ணீர் நின்றுவிடும். தொட்டியை ஒட்டியுள்ள பழைய கேட் வால்வை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். பல வருடம் திருகாத வால்வைப் பலம் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் கதவு தண்டிலிருந்து கழன்று குழாயை அடைத்துக்கொள்ளும், அல்லது தண்டின் கழுத்தில் கசியத் தொடங்கும். மெதுவாகத் திருகிப் பாருங்கள், நகரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது குளியலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். முழுவதும் வடியாது. வெளியேறும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், வண்டல் குழாய்க்குள் போகாமலிருக்க வேண்டுமென்றே வைத்த உயரம் அது. 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம் உள்ள தொட்டியில் அந்த 5 சென்டிமீட்டர் என்பது 27 லிட்டர், இரண்டு வாளிக்கு மேல். தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கும் முன்பே, ஒரு துணிப்பந்தைக் கயிற்றில் கட்டி வெளியேறும் வாயில் அடைத்துவிடுங்கள். கயிற்றின் மறுமுனையைத் தொட்டிக்கு வெளியே கட்டிவையுங்கள். அடைக்க மறந்து வண்டலைக் கலக்கிவிட்டால் அது வளைவுகளிலும் குழாய் வாஷரிலும் போய் உட்கார்ந்துகொண்டு, பிறகு வாரக்கணக்கில் சொட்டு வைக்கும்.

மீதித் தண்ணீரையும் சேற்றையும் அள்ள, பிளாஸ்டிக்கில் குப்பை அள்ளும் தட்டு ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மூலையில் அப்படியே பொருந்தும், தகட்டைக் கீறாது. ஈரம் உறிஞ்சும் வேக்யூம் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் அதன் வயரும் மோட்டாரும் தொட்டிக்கு எட்டத்தில் இருக்கட்டும். கடைசி ஈரத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். சுவரைத் தேய்க்க நைலான் பிரஷ், வெறும் தண்ணீர். வழுவழுப்பு விடாமல் ஒட்டியிருந்தால் கொஞ்சம் சமையல் சோடா. இரும்பு பிரஷ் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த வழுவழுப்பு முதலில் பிடிக்கும். சோப்புத்தூளும் வேண்டாம், நுரையை அலசி எடுக்கவே நாலு தொட்டித் தண்ணீர் செலவாகும். இரண்டு தடவை அலசி அள்ளினால் போதும். எலியோ பறவையோ செத்துக் கிடந்திருந்தால் கையுறையோடு எடுத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். அந்தத் தண்ணீரை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வடித்துவிடுங்கள்.

தொட்டி காலியாக இருக்கும்போதே அது உட்கார்ந்திருக்கும் பலகையையும் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் 240 லிட்டர் தண்ணீர் மட்டுமே 240 கிலோ. பிளாஸ்டிக் தொட்டிக்கு அடி முழுவதும் சமமான பலகை வேண்டும். இரண்டு சட்டங்களின்மேல் மட்டும் வைத்தால் நடுவில் தொய்ந்து, ஒருநாள் மூலையில் விரிசல் விடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் உப்பிப் பொடியும். பலகை ஓரத்தில் உப்பல் தெரிந்தால் மாற்ற இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இனி கிருமிநீக்கம். பொதுவாகக் கையாளும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின், ஒரு மணி நேரம். மேலே சொன்ன தொட்டியில் 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 90 × 60 × 45, அதாவது 243 லிட்டர். 240 என்று வைத்துக்கொள்வோம். தேவையான குளோரின் 12 கிராம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் 240 மில்லி, அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி. 10 சதவீதம் என்றால் 120 மில்லி. 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 40 கிராம். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அது தொட்டிக்குப் போனால் நீங்கள் இப்போதுதான் அள்ளிய வண்டலுக்குப் பதில் புது வண்டல். வாசனை சேர்த்த பிளீச், கெட்டியாக ஒழுகும் கழிப்பறை பிளீச் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் கிடந்த பழைய பாட்டிலில் பாதி வீரியம் கூட இருக்காது.

குளோரினோடு வேறு எதையும் கலக்கக்கூடாது. ஆசிட், வினிகர், கறை நீக்கும் திரவம் எதனோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுதான். பரண் என்பது காற்றோட்டம் குறைந்த இடம், கூரைக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சுண்ணாம்புக் கறையை வினிகரால் போக்கியிருந்தால், நன்றாக அலசி அள்ளிய பிறகே குளோரின்.

வெந்நீர்க் கலனுக்குப் போகும் வால்வு வேலை செய்தால் அதை மூடிவிடுங்கள். அடைப்புத் துணியை எடுத்து, மிதவைக் கட்டை அவிழ்த்து, தொட்டி பாதி நிரம்பும்போது மருந்தை ஊற்றுங்கள். விழும் தண்ணீரே கலக்கிவிடும். நிரம்பியதும் மிதவையை மறுபடி கட்டுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கட்டாவிட்டால் கீழே குழாய் திறக்கத் திறக்க மேலே புதுத் தண்ணீர் இறங்கி மருந்தை நீர்த்துப்போகச் செய்யும். இப்போது தொட்டியிலிருந்து எட்டத்தில் உள்ள குழாயில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். கழிப்பறைத் தொட்டியையும் ஒருமுறை இழுத்துவிடுங்கள். தொட்டியில் மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 54 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை நிரப்பி, 5 சதவீதத் திரவம் இன்னொரு 54 மில்லி சேர்த்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் துவைக்கும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள், துணிச் சாயம் போகும். தண்ணீர் வடிகட்டி இணைத்திருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

நீச்சல்குள சோதனை மருந்தை வைத்து அளவு பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளோரின் இருந்தால் அந்த மருந்து தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறமே வெளுத்துப்போய்த் தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும். குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒன்பது பங்கில் தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு சேர்த்துச் சோதித்து, வந்த அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து எல்லாக் குழாய் வழியும் வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி மறுபடி வடியுங்கள். தொட்டிக் குழாயின் வாடை நேரடிக் குழாயின் வாடை அளவுக்கு வந்தால் போதும். வடிக்கும் குளோரின் தண்ணீர் செடிக்கும் மீன் தொட்டிக்கும் ஆகாது. செப்டிக் டேங்கில் ஒரே மூச்சாக விடுவதும் நல்லதல்ல, அங்கே வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும். துத்தநாகத் தகட்டுத் தொட்டியில் குளோரினை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள், பூச்சு அரிக்கும். வெந்நீர்ப் பக்கத்துக்குக் குளோரினைவிடச் சூடே நல்ல மருந்து. வால்வைத் திறந்து கலனை நிரப்பி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, வெந்நீர்க் குழாய்கள் ஒவ்வொன்றையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். கை வெந்துவிடும் சூடு அது, குழந்தைகளை எட்டத்தில் வையுங்கள்.

மறுபடி நிரப்பும்போது ஏர் லாக் வரும். காலியான குழாயில் தண்ணீர் வேகமாக இறங்கினால், மேடான வளைவுகளில் காற்று சிக்கிக்கொள்ளும். பரண் தொட்டியின் அழுத்தம் சொற்பம் என்பதால் அந்தக் காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. குழாய் இரண்டு முறை துப்பிவிட்டு நின்றுவிடும். இதைத் தவிர்க்க, நிரப்பும்போது கீழ்த்தளக் குழாய்களைக் கால்வாசி திறந்து வைத்து, துப்பல் நின்று சீராக ஓடிய பிறகு ஒவ்வொன்றாக மூடுங்கள். அப்படியும் சிக்கிக்கொண்டால், நேரடிக் குழாயிலிருந்து ஒரு சுத்தமான ஹோஸைச் சிக்கிய குழாயின் வாயில் இறுக மாட்டி, சிக்கிய குழாயை முதலில் திறந்து, பிறகு நேரடிக் குழாயைத் திறங்கள். அழுத்தம் காற்றைத் தொட்டிக்கே தள்ளிவிடும். மேலே இருப்பவர் தொட்டியில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். அரை நிமிடம் போதும். வேலை முடிந்ததும் ஹோஸை உடனே கழற்றிவிடுங்கள். மாட்டியபடி விட்டால் தொட்டித் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்வாங்க வழி இருக்கிறது.

இனி மூடி. நல்ல மூடிக்கு வேண்டியது நாலு குணம்: கெட்டியாக இருக்க வேண்டும், வெளிச்சம் விடக்கூடாது, தூசி விடக்கூடாது, காற்றுக்கு வழி விட வேண்டும். கடைசியதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பாலிதீன் தாளைச் சுற்றி டேப் ஒட்டி இறுக்கிவிடுவார்கள். கீழே குழாயைத் திறந்ததும் தண்ணீர் இறங்க, உள்ளே காற்று வர வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகும். ஓட்டம் மெலியும், தாள் குழிந்து உள்ளே தொங்கும், மெல்லிய பிளாஸ்டிக் சுவர் உள்வாங்கும். குழிந்த தாளில் நீராவி திரண்டு மேல்தூசியோடு சொட்டும். மரப்பலகையும் சரியில்லை. அடிப்பக்கம் எப்போதும் ஈரமாக இருப்பதால் பூஞ்சை பிடித்து, அந்தப் பூஞ்சையும் சிராயும் தண்ணீரிலேயே விழும்.

தொட்டி செய்த நிறுவனமே அதற்கான மூடி விற்றால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் தகரவேலைக்காரர் செய்துவிடுவார். விளிம்பின் வெளி அளவு 94 × 64 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 மில்லிமீட்டர் தாராளம், 5 சென்டிமீட்டர் கீழ்மடிப்பு சேர்த்து, தகடு 104.6 × 74.6 சென்டிமீட்டர் வேண்டும். முழு மூடியாக அல்லாமல் மிதவை வால்வு இருக்கும் பக்கம் மூன்றில் ஒரு பங்கு தனித்துண்டாக, மற்றதன்மேல் 3 சென்டிமீட்டர் ஏறி உட்காரும்படி செய்யச் சொல்லுங்கள். இரண்டு துண்டும் சேரும் இடத்துக்கு அந்த 3 சென்டிமீட்டரைத் தகட்டு அளவில் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு வால்வைப் பார்க்க முழு மூடியையும் தூக்க வேண்டியதில்லை. பரணில் நிமிர இடம் இல்லாத வீடுகளில் இது பெரிய உபகாரம். துத்தநாகத் தொட்டியில் அலுமினியம் நேராகப் படாமல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஆணி அடிக்காமல், தொட்டியைச் சுற்றிக் கட்டும் பட்டையால் இறுக்குங்கள்.

மூடியில் துளைகள் எங்கே என்பதில் கவனம். வெந்நீர்க் கலனிலிருந்து ஒரு குழாய் எழுந்து தொட்டிக்கு மேல் வளைந்து நிற்கும். அது பாதுகாப்புக் குழாய். அதற்கு மூடியில் ரப்பர் வளையத்தோடு துளை வேண்டும். அதன் முனையை மூடியால் அடைத்துவிடவும் கூடாது, தண்ணீருக்குள் அமுக்கவும் கூடாது. அதிலிருந்து அடிக்கடி வெந்நீர் கொட்டினால், ஹீட்டரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். உடனே அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். கொதிநீர் தொடர்ந்து கொட்டினால் பிளாஸ்டிக் தொட்டி இளகி, கொதிக்கும் தண்ணீரோடு இடிந்து இறங்கும்.

காற்றுக்கான துளைக்கு வாய் கீழ்நோக்கி வளைந்த ஒரு குட்டைக் குழாய், அதன் முனையில் துருப்பிடிக்காத எஃகு வலை. வலைக்கண் 0.65 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சாதாரண ஜன்னல் கொசுவலை அதைவிடப் பெரிது, கொசுவை நிறுத்தினாலும் சின்னப் பூச்சிகளை நிறுத்தாது. தண்ணீர் வழிந்து வெளியே போகும் குழாயிலும் இதே வலை வேண்டும், ஏனென்றால் பூச்சிக்கு அது திறந்த வாசல். ஆனால் குழாயின் வாயில் நேராக வலையைக் கட்டினால் கம்பிகளே பாதி வாயை அடைத்துவிடும். குழாயைவிட அகலமான ஒரு கூட்டில் வலையைப் பொருத்துங்கள்; அதற்கென்றே கூடுகள் விற்கிறார்கள்.

வெப்பக்காப்பு மூடிக்கு மேலும் சுவருக்கு வெளியேயும் மட்டும். பஞ்சு எந்த இடத்திலும் தண்ணீருக்கு மேல் திறந்து கிடக்கக்கூடாது. தண்ணீர் உறையும் குளிர் உள்ள இடத்தில் தொட்டிக்கு அடியில் காப்பு வைக்காமல் விடுங்கள், கீழறையின் சூடு ஏறித் தொட்டியைக் காக்கும். வெயில் கொளுத்தும் கூரைக்கு அடியில் நோக்கம் வேறு: தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால், நிமோனியா தரும் லெஜியனெல்லா கிருமி பெருகாது, 20 முதல் 45 வரை அதற்குக் கொண்டாட்டம். அங்கே காப்போடு இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் ஒரு நாளைக்கு 100 லிட்டர்தான் செலவாகிறது என்றால் 240 லிட்டரை நிறுத்தி வைப்பதில் பயனில்லை. மிதவையைத் தாழ்த்தி மட்டத்தைக் குறைத்துவிட்டால் தண்ணீர் தினமும் புதிதாக மாறும்.

மட்டம் எப்படி இருந்தாலும் வழிவுக் குழாயின் அடிவாயிலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மூடியைப் போட்டு இறுக்கும் முன் ஒரு சோதனை: மிதவையைக் கையால் நீருக்குள் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் ஏறி வழிவுக் குழாயில் வெளியேற வேண்டும், வெளியேறத் தொடங்கிய பிறகும் மட்டம் ஏறிக்கொண்டே போகக்கூடாது. போனால் வலை அடைத்திருக்கிறது அல்லது குழாய் எங்கோ மேல்நோக்கி வளைந்திருக்கிறது. வால்வு ஒருநாள் கெட்டுப்போனால் தண்ணீர் வெளிச்சுவரில் வழியுமா, படுக்கையறை உட்கூரையில் இறங்குமா என்பதை இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும். மிதவையை விட்டதும் தண்ணீர் சுத்தமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். கழுவும்போது கிளம்பிய ஒரு மண் துகள் வால்வின் வாஷரில் மாட்டிக்கொண்டால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் கழித்து, வெளிச்சுவரில் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே ஈரத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாஷரை மாற்ற வேண்டும்.